கல்முனைக் கரையின் வீடும் முதியோர் பராமரிப்பின் தரமும்: ஒரு சமூகவரலாற்று நோக்கு

முதியோர் இல்லமொன்றின் பராமரிப்பு எத்தரத்தது என்று மதிப்பிடப் புகுவோர் பெரும்பாலும் கட்டில்களை எண்ணுவதிலிருந்தே தொடங்குவர். எத்தனை கட்டில், எத்தனை மலசலகூடம், எத்தனை ஊழியர், நாளொன்றுக்கு எத்தனை வேளை உணவு என்னும் வினாக்கள் எழுத எளியவை. விடையும் எளிதிற் கிடைக்கும். அவை வேண்டாதவையல்ல. எனினும், அவ்வில்லம் எழும் சமூகத்தில் முதியோர் அதற்கு முன்னர் எவருடைய கூரையின்கீழ், எந்த உரிமையின் பேரில் வாழ்ந்தனர் என்ற வரலாற்று வினாவைத் தவிர்த்துவிட்டு இடப்படும் மதிப்பெண் அரைகுறையானதே என்பது எமது கருத்து. அக்கருத்தை அம்பாறை மாவட்டக் கரையோரத்தின் தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களை, சிறப்பாகக் கல்முனையையும் அதனை அடுத்துள்ள மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலியவற்றையும் முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது வெறும் ஏட்டு வினாவன்று. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது இலங்கையின் சனத்தொகையில் 60 வயதைக் கடந்தோர் 6.6 சதவீதத்தினர், 2012இல் அவர்கள் 12.4 சதவீதத்தினராயினர். ஒரு தலைமுறைக்குள் விகிதம் ஏறத்தாழ இரட்டித்துவிட்டது. அம்பாறை மாவட்டம் நாட்டின் சராசரியிலும் இளமையானது என்பது மெய்யே. ஆயினும் அங்கும் முதுமை வளர்ந்து வருகிறது; அதனோடு ஒரு வாதமும் வளர்ந்து வருகிறது. “எமது சமூகத்திற்கு முதியோர் இல்லம் வேண்டியதில்லை” என்று பெருமையோடு கூறுவோரையும், “அது வந்தே தீரும்” என்று அஞ்சுவோரையும் இக்கரையில் ஒருங்கே காணலாம். இருசாராரும் ஒன்றில் மட்டும் உடன்படுகின்றனர்: இல்லம் என்பது கைவிடப்பட்டோர் ஒதுங்குமிடம். இவ்வெண்ணத்திற்கு ஒரு வரலாறு உண்டு. அதனைக் கூறுமுன் வீட்டின் வரலாற்றைக் கூறுதல் வேண்டும்.

வீடும் குடியும்

பழைய வழக்கில் மட்டக்களப்புப் பிரதேசம் எனப்பட்ட கிழக்குக் கரையின் தென்பகுதி 1961இல் அம்பாறை மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. நிர்வாகக் கோடு மாறிற்று. சமூக அமைப்பு மாறவில்லை. தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் ஒருங்கே காணப்படும் தாய்வழிக் குடிமுறையே அவ்வமைப்பின் அடித்தளம். பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் மணவுறவு தகாது. கோயிலிற் குடியின் சார்பில் வண்ணக்கர் இருப்பதுபோலப் பள்ளிவாசலில் மரைக்கார் இருப்பார். மதம் வேறாயினும் குடியின் இலக்கணம் ஒன்றே. இனமுரண்பாட்டின் ஆண்டுகளில் எழுதப்பட்ட வரலாறுகள் பல இவ்வுண்மையை ஓரத்தில் ஒதுக்கிவிட்டன. முதுமையைப் பற்றிப் பேசும்போது அதனை ஒதுக்க முடியாது. நூர் யல்மன் 1967இல் வெளியிட்ட இலங்கைச் சமூகவமைப்புப் பற்றிய நூலிலும், 1969 முதல் அக்கரைப்பற்றிற் களஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட பெருநூலிலும் இக்குடிமுறை விரிவாக ஆராயப்பட்டுள்ளது.

குடிமுறையின் பொருளியல் வடிவம் வீடு. இங்கு பெண்ணுக்குத் திருமணம் என்றால் முதலில் வீடு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவான். பெற்றோர் தாம் வாழ்ந்த வீட்டை மூத்த மகளுக்குச் சீதன உறுதியாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவிலோ அடுத்த வளவிலோ வேறொரு வீடு கட்டி ஏனைய பிள்ளைகளோடு பெயர்வர். அடுத்த மகளின் திருமணத்தில் அவ்வீடும் கைமாறும். சகோதரிகளுக்கு வீடு எழும்பும்வரை ஆண்மக்கள் தமது திருமணத்தைத் தள்ளிவைத்து உழைப்பதும் இவ்வூர்களிற் சாதாரணம். இறுதியில் இளைய மகளின் வீடு எஞ்சும்; அவ்வீட்டிலேயே பெற்றோரும் எஞ்சுவர். வறிய குடும்பங்களிற் புதுவீட்டுக்குப் பதிலாக வளவின் ஓரத்தில் ஒரு குடிசையோ, குசினியை ஒட்டிய பத்தியோ பெற்றோருக்குரியதாகும்.

பராமரிப்பின் நோக்கில் இவ்வேற்பாட்டைப் பார்த்தால் ஒன்று புலப்படும். மூத்தம்மா வாழும் வீடு இன்று மகளுடையதாயினும், நேற்று அது அவருடையது, அவர் கொடுத்தது. அவர் அங்கு விருந்தாளியல்லர். மருமகனே வந்து சேர்ந்தவன். மூத்தம்மாவைச் சூழ இருப்போர் அவர் பெற்ற பெண்மக்களும் அவருடைய சகோதரிமாரும் சகோதரிமாரின் பெண்மக்களுமே. நோயுற்றுப் படுக்கையிற் கிடக்கும் முதியவளைக் குளிப்பாட்டி, உடைமாற்றி, ஊட்டிவிடுபவள் மருமகளல்லள், மகள். தந்தைவழிச் சமூகங்களில் மாமியார்-மருமகள் உறவின் கசப்புக்குள் நடைபெறும் அந்தரங்கப் பணிவிடை, இக்கரையில் தாய்-மகள் உறவுக்குள் நடைபெறுகிறது. பராமரிப்பின் தரம் என்று நாம் பேசும் பொருளின் பெரும்பகுதி இவ்வேறுபாட்டில் அடங்கியுள்ளது.

இதனைக் கொண்டு அக்கரையின் வீட்டைப் புகழ்ந்து பாடத் தொடங்கினால் நாம் வரலாற்றை விட்டு விலகியோராவோம். வீடு எவரைத் தாங்கிற்று என்பதோடு எவரை நழுவவிட்டது என்பதையும் கேட்டல் வேண்டும். இந்தியாவின் பல பகுதிகளில் ஆண்மகன் இல்லாதவன் முதுமைக்கு அஞ்சுவான். இங்கு நிலை தலைகீழானது: ஆண்மக்களை மட்டும் பெற்றோரே அஞ்சவேண்டியோர். ஆண்மக்கள் ஒவ்வொருவராய் மனைவிமாரின் வீடுகளுக்குப் பெயர்ந்தபின் பெற்றோர் வெறும் வீட்டில் நிற்பர். மகன் தன் தாயைத் தன்னிடம் அழைத்துவர விரும்பினும், அவ்வீடு அவனுடையதன்று. மனைவியின் தாய்க்கும் அங்கு முன்னுரிமை உண்டு. பிள்ளையில்லாத தம்பதியர், மணமுறிவின்பின் தன் குடும்பத்தில் வீடு எஞ்சியிராத ஆண், காணியற்ற கூலிக் குடும்பத்தின் முதியோர் ஆகியோரும் இவ்வமைப்பின் விளிம்பில் நின்றவர்களே. வீடில்லாதவனுக்கு வீட்டுப் பராமரிப்பும் இல்லை. சீதனவீடு பராமரிப்பின் நிறுவனமாயிருந்தது என்றால், அது உடைமை உடையோரின் நிறுவனமாகவே இருந்தது.

வேறொன்றும் உண்டு. “எங்கள் வீடுகளில் முதியோரைப் பார்க்கிறோம்” என்னும் கூற்றில் வரும் ‘நாம்’ யார்? பார்ப்பவள் ஒருத்தி. நெசவுத்தறியில் இருந்தாலும், பாடசாலையிற் கற்பித்தாலும், பிள்ளைகளைப் பராமரித்தாலும், இரவில் முதியவளைப் புரட்டிப் படுக்கவைப்பவள் அவளே. அவ்வுழைப்புக்குக் கூலியில்லை, கணக்குமில்லை. கணக்கில் வராத உழைப்பின்மீது நிற்கும் பெருமை எவ்வளவு காலம் நிலைக்கும் என்பது வரலாறு பின்னர் விடையளித்த வினா.

அளவுகோலின் பிறப்பு

முதியோர் இல்லம் கைவிடப்பட்டோரின் இடம் என்னும் எண்ணம் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வந்தது. 1601ஆம் ஆண்டு வறியோர் சட்டத்தின் வழிவந்த உதவிமுறையை 1834ஆம் ஆண்டுத் திருத்தம் கடுமையாக்கிற்று. அரச உதவி வேண்டுவோன் தொழிலகம் என்னும் அடைப்புக்குள் வரவேண்டும். அங்குள்ள வாழ்வு வெளியிலுள்ள மிக வறிய தொழிலாளியின் வாழ்விலும் விரும்பத்தகாததாய் இருத்தல் வேண்டும் என்பது அதன் கோட்பாடு. அதாவது, பராமரிப்பின் தரம் திட்டமிட்டே தாழ்த்தப்பட்டது. உழைக்கத்தக்கோரை அச்சுறுத்தி விரட்டவென எழுந்த கட்டடங்களில் நாளடைவில் எஞ்சியோர் உழைக்கமுடியாத முதியோரே. 1948இல் வறியோர் சட்டம் முறைப்படி ஒழிக்கப்பட்டபின்னரும் அக்கட்டடங்கள் பல முதியோர் இல்லங்களாக நீடித்தன.

பீற்றர் டவுன்சென்ட் என்னும் சமூகவியலாளர் இங்கிலாந்திலும் வேல்சிலுமாக 173 இல்லங்களை நேரிற் சென்று ஆராய்ந்து 1962இல் வெளியிட்ட நூல் இத்துறையில் ஒரு திருப்பம். அதற்குமுன் மேற்பார்வையாளர்கள் கூரை ஒழுகுகிறதா என்று பார்த்தனர். டவுன்சென்ட் அதனைப் பார்த்ததோடு, முதியவர் எப்பொழுது எழுவது என்பதை எவர் தீர்மானிக்கிறார், தன் பொருளை வைக்கப் பூட்டுள்ள ஓர் அலுமாரி உண்டா, பகலில் அவர் செய்வதற்கு ஏதேனும் உண்டா என்றெல்லாம் பார்த்தார். இல்லங்களின் தரத்தை அளக்க அவர் வகுத்த அளவுகோலில் கட்டடமும் ஊழியரும் மட்டுமன்றி, செய்யத்தக்க தொழிலும் அன்றாட வாழ்விற் சுதந்திரமும் எண்ணப்பட்டன. நல்ல உணவும் வெள்ளை விரிப்பும் உள்ள இல்லத்திலும் மனிதர் மெல்லத் தம்மை இழக்கக்கூடும் என்பதை அவர் காட்டினார்.

1966இல் அமெரிக்க மருத்துவ அறிஞர் அவெடிஸ் டொனபீடியன் மருத்துவப் பராமரிப்பின் தரத்தை அமைப்பு, செயன்முறை, விளைவு என்னும் மூன்று நிலைகளில் நோக்கலாம் என வகுத்தார். கட்டிலும் தாதியும் அமைப்பு. தாதி செய்வது செயன்முறை. முதியவரின் உடலிலும் மனத்திலும் நேர்வது விளைவு. அமைப்பை அளப்பது எளிது. விளைவை அளப்பது அரிது. ஆதலால் நிருவாகங்கள் எப்பொழுதும் அமைப்பையே அளந்து நிறைவடைகின்றன. அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 1986இல் வெளியிட்ட அறிக்கை அந்நாட்டுப் பராமரிப்பு இல்லங்களிற் புறக்கணிப்பு பரவியிருந்ததை எடுத்துக்காட்டிற்று. அதனை அடுத்து 1987இல் வந்த சட்டம் உறைவோரின் உரிமைகளை வரையறுத்து, காரணமின்றிக் கட்டிலிற் கட்டிவைப்பதையும் மருந்தால் மயக்கிவைப்பதையும் தடைசெய்தது. இலாபம் கருதி நடத்தப்படும் இல்லங்கள் மலிந்த நாட்டில் இத்தகைய சட்டம் தேவைப்பட்டதில் வியப்பில்லை.

இவ்வாறு நோக்கும்போது, இல்லம் என்பதே மேனாட்டுச் சரக்கு, முஸ்லிம் மரபிற்கு ஒவ்வாதது என்று கூறுவோருக்கு ஒரு சொல். முதிய பெற்றோரிடம் கனிவு காட்டுமாறு திருக்குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் இடும் கட்டளை அனைவரும் அறிந்ததே. ஆனால் அந்நாகரிகம் பராமரிப்பை வீட்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை. டமஸ்கஸில் நூருத்தீன் 12ஆம் நூற்றாண்டிலும், கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இலும் நிறுவிய மருத்துவமனைகள் வக்பு நிலங்களின் வருமானத்தில் நடைபெற்றன. கலாவூனின் மருத்துவமனை செல்வர், வறியர், ஆண், பெண் என்ற வேறுபாடின்றி நோயாளரை ஏற்றது. சந்தையின் நிறைகோலைச் சோதித்த முஹ்தசிப் என்னும் அதிகாரியின் கண்காணிப்பு மருத்துவர்களின் தொழில்மீதும் சென்றது. அறநிலையத்தின் பணத்திற் பராமரிப்பு, வெளியார் ஒருவரின் கண்காணிப்பு: இவையிரண்டும் அம்மரபுக்கு அந்நியமல்ல. இலங்கையில் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்புச் சட்டத்தின்கீழ்ப் பள்ளிவாசல்களும் முஸ்லிம் அறநிலையங்களும் பதிவுபெறுகின்றன. மரபைச் சான்றாகக் காட்டுவோர் அதனை முழுமையாகக் காட்டுதல் நன்று.

உறுதியும் கடமையும்

காலனித்துவ ஆட்சி இங்கிலாந்தின் வறியோர் சட்டத்தை இலங்கைக்குக் காலந்தாழ்த்தியே கொணர்ந்தது. 1939ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டம் கொழும்பு, கண்டி, காலி ஆகிய மாநகரங்களையே நோக்கிற்று. மட்டக்களப்புக் கரையை அது எட்டவில்லை. தமிழ்ப் பிரதேசங்களில் அரச முதியோர் இல்லம் என்றால் யாழ்ப்பாணத்துக் கைதடியே நினைவிற்கு வரும். கல்முனைக் கரைக்கு அது வெகுதொலைவு. எனவே இங்கு முதுமையின் சட்டம் என்பது நீண்டகாலம் காணிச் சட்டமாகவே இருந்தது.

கிறிஸ்தோபர் பிறிற்றோ 1876இல் வெளியிட்ட முக்குவர் சட்டம் பற்றிய நூலில் இப்பிரதேசத்தின் பழைய தாய்வழி உரிமைமுறை பதிவாகியுள்ளது. அதே ஆண்டில் வந்த 15ஆம் இலக்கத் திருமண உரிமை, மரபுரிமைச் சட்டத்தோடு அம்முறை நீதிமன்றத்திற் செல்வாக்கிழந்தது. முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் வந்தது. இறந்தபின் உடைமை பங்கிடப்படும்போது மகனுக்கு இரு பங்கும் மகளுக்கு ஒரு பங்கும் என்பது முஸ்லிம் மரபுரிமை விதி. ஆயினும் கிழக்குக் கரையின் பெற்றோர் இறக்கும்வரை காத்திருக்கவில்லை. உயிரோடிருக்கும்போதே வீட்டை மகளுக்கு எழுதிவிட்டனர். இவ்வாறு சட்டம் ஒன்று கூற, வழக்கம் அதனை மீறாமலே வேறொன்றைச் செய்துவந்தது. ஷரீஆவும் குடிமுறையும் ஒரே வளவுக்குள் மோதலின்றி வாழ்ந்ததன் இரகசியம் இதுவே.

இங்குதான் முதுமையின் சிக்கல் தொடங்குகிறது. உறுதி எழுதும்போது பெற்றோர் தமக்குச் சீவிய உருத்தை, அதாவது வாழ்நாள் முழுதும் அவ்வீட்டிற் குடியிருந்து பயன்கொள்ளும் உரிமையை, ஒதுக்கிக்கொள்ளலாம். 1931ஆம் ஆண்டுச் சட்டமே இவ்விடத்திற் பிரிகிறது: வெறும் நன்கொடை முஸ்லிம் சட்டத்தின் வழிச் செல்லும், பயன்கொள்ளும் உரிமை பிரித்தொதுக்கப்பட்ட நன்கொடை நாட்டின் பொதுச் சட்டத்தின் வழிச் செல்லும். சீவிய உருத்து எழுதப்பட்ட உறுதியின் மூத்தம்மா சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். எழுதப்படாத உறுதியின் மூத்தம்மா மகளின் நல்லெண்ணத்தில் வாழ்பவர். மாப்பிள்ளை வீட்டார் ‘வெட்டையான’ உறுதி கேட்கும் காலத்தில், அச்சிறு வாசகத்தை எழுதச் சொல்லும் துணிவு எத்தனை பெற்றோருக்கு இருக்கும்? நம்பிக்கையுள்ள இடத்தில் அதைக் கேட்பதே அவமதிப்பாகத் தோன்றும். நம்பிக்கை குன்றியபின் கேட்டுப் பயனில்லை.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணித்தலாகாது எனப் பிள்ளைகளுக்குக் கடமை விதித்தது. பிள்ளையற்ற அல்லது பிள்ளைகளாற் கைவிடப்பட்ட வறிய முதியோருக்கு உறைவிடம் அளிக்கும் பொறுப்பை அரசின்மேற் சுமத்திற்று. பராமரிப்புக் கோரிக்கைகளை விசாரிக்க ஒரு சபையையும், முதியோருக்குச் சேவை வழங்கும் நிறுவனங்களின் பதிவையும் ஏற்படுத்திற்று. சிங்கப்பூர் 1995இல் இயற்றிய பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் வரிசையில் வந்த முற்போக்கான சட்டம் அது. ஆயினும் அது பிள்ளை என்று பொதுப்படக் கூறுகிறதேயன்றி, வீட்டைப் பெற்ற பிள்ளை, பெறாத பிள்ளை என்று வேறுபடுத்தவில்லை. இந்தியாவின் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இதில் ஒருபடி மேலே சென்றது: பராமரிக்கும் நிபந்தனையோடு உடைமை மாற்றப்பட்டு, பின்னர் பராமரிப்பு மறுக்கப்பட்டால் அம்மாற்றத்தையே செல்லாததாக்கலாம். இலங்கையில் 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், மீளப்பெற முடியாதவையென எழுதப்பட்ட நன்கொடை உறுதிகளைக் கொடிய நன்றிகேட்டின் காரணமாக இரத்துச்செய்யும் அதிகாரத்தை நீதிமன்றத்தின் கையில் வைத்தது. எனினும் திருமணத்தை முன்னிட்டுக் கொடுத்தது தூய நன்கொடையன்று, கைம்மாறுள்ள கொடை என்பது ரோமன்-டச்சுச் சட்ட மரபு. சீதன வீட்டைக் கொடுத்தவள் அதனைத் திரும்பப் பெறுவது எளிதன்று. நீதிமன்றப் படியேறித் தன் மகளை நன்றிகெட்டவள் என்று உரைக்கும் தாயைக் கற்பனை செய்வது அதனினும் எளிதன்று.

கடலும் கடல்கடந்த உழைப்பும்

இவ்வமைப்பை இரு பெரும் நிகழ்வுகள் உலுக்கின. முதலாவது, 1970களின் இறுதியிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்ற பெண்களின் பெயர்ச்சி. கூலியில்லாது வீட்டிற் செய்யப்பட்ட அதே பணி, குவைத்திலும் சவூதியிலும் கூலி பெற்றது. கல்முனைக் கரையின் மகள் பிறர் வீட்டு முதியவளைக் குளிப்பாட்டிய பணத்தில் தன் தங்கைக்குச் சீதன வீடு கட்டினாள். அவளுடைய தாயை எவர் குளிப்பாட்டினர் என்னும் வினா கேட்கப்படவில்லை. 2013இல் அரசு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் பணிப்பெண்களாக வெளிநாடு செல்வதைக் குடும்பப் பின்னணி அறிக்கை மூலம் தடுத்தது. பிள்ளை வளர்ந்திருப்பின் அதனைப் பொறுப்பேற்பவர் எவர் என்று அறிக்கை வினவிற்று. அப்பொறுப்பு இயல்பாகவே மூத்தம்மாவின் தோளில் ஏறிற்று. அறுபதைக் கடந்தவள் பராமரிப்பைப் பெறுபவளாக அன்றிப் பராமரிப்பவளாகவே அரச ஏட்டிற் பதிவானாள்.

இரண்டாவது, 2004 டிசெம்பர் 26ஆம் நாட் கடற்கோள். இலங்கையில் மிகக்கூடிய உயிரிழப்பு நேர்ந்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கு மாண்டனர். மாவட்டத்தின் 13 இடப்பெயர்வு முகாம்களில் 859 குடும்பங்களைச் சேர்ந்த 3,533 பேரைப் பற்றி நடத்தப்பட்டு 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, ஆண்களில் 8.2 சதவீதத்தினரும் பெண்களில் 17.5 சதவீதத்தினரும் இறந்திருந்தனர். 50 வயதைக் கடந்தோரில் இறந்தோர் 15.3 சதவீதம், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 31.8 சதவீதம். முழுக் குடும்பமும் மாண்ட வீடுகள் முகாம்களிற் கணக்கெடுக்கப்படமாட்டா என்பதையும் சேர்த்து நினைத்தல் வேண்டும். இவ்வெண்களைப் பராமரிப்பின் வரலாறாகவும் வாசிக்கலாம். ஞாயிறு காலையில் வீட்டில் இருந்தோர் எவர்? ஓட முடியாதோரும், அவர்களை விட்டு ஓடாதோரும்.

வீடிழந்தோருக்கு வீடு கட்டும் பணி அடுத்துத் தொடங்கிற்று. கிழக்கில் முதலில் 200 மீற்றர் கரையோரத்திற் கட்டுமானம் தடைசெய்யப்பட்டது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. கடலுக்கும் வயலுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் கல்முனை, சாய்ந்தமருது போன்ற ஊர்களில் மாற்றுக் காணி இல்லை. சகோதரிமாரின் வீடுகள் வேலியடுத்து வேலியாக இருந்த வளவு கலைந்து, ஒருத்தி ஒரு திட்டத்திலும் மற்றொருத்தி வேறொரு திட்டத்திலுமாயினர். சில இடங்களில் தொடர்மாடிகள் எழுந்தன. படியேற முடியாத முதியவருக்குத் தொடர்மாடியின் மேற்றளம் என்பது இறங்கமுடியாத வீடு. நுரைச்சோலையில் சவூதி உதவியுடன் கட்டப்பட்ட 500 வீடுகள் வழக்கிற் சிக்கி, 2009இல் உயர் நீதிமன்றம் வழங்கிய கட்டளையோடு ஆண்டுக்கணக்கிற் பூட்டிக் கிடந்ததும் இவ்வரலாற்றின் ஒரு பகுதி.

இதனினும் நுண்ணிய ஒரு மாற்றமே எமது பொருளுக்கு நெருக்கமானது. கடற்கோளுக்குப் பின்னர் வழங்கப்பட்ட வீடுகள் பல ‘குடும்பத் தலைவர்’ பெயரில் எழுதப்பட்டன. தலைவர் என்றால் ஆண். பெண்வழியே நூற்றாண்டுக் கணக்கிற் கைமாறி வந்த வீடு ஒரே எழுத்தில் மருமகனுடையதாயிற்று. அவ்வீட்டில் வாழும் மூத்தம்மாவின் நிலையும் அதே எழுத்தில் மாறிற்று. அதுவரை தான் கொடுத்த வீட்டில் இருந்தவள், அதன்பின் மருமகன் வீட்டில் தங்கியிருப்பவள்.

எதனை அளப்பது

இவற்றை மனங்கொண்டு இக்கரையில் எழக்கூடிய இல்லமொன்றை, அல்லது இன்று முதியோர் வாழும் வீட்டையே, மதிப்பிடுவோன் எதனைப் பார்க்கவேண்டும்? உடலிலிருந்து தொடங்குவோம். படுக்கைப் புண் பொய் சொல்லாது. புரட்டிப் படுக்கவைக்க இரவில் ஆளில்லாத இடத்தில் அது தோன்றும். பார்வையாளர் வரும் நாளில் விரிப்பை மாற்றலாம், புண்ணை மாற்ற முடியாது. உடல்நிறை குறைகிறதா, நீரிழிவு மருந்து தவறாது கொடுக்கப்படுகிறதா, விழுந்தவர்கள் எத்தனை பேர் என்பனவும் அத்தகையன. இவற்றைப் பார்க்கப் பயின்ற கண் வேண்டும். இலங்கையில் 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து தாயையும் சேயையும் தேடி மருத்துவிச்சி வீட்டுக்கு வரும் முறை வேரூன்றிற்று. நாட்டின் பெருமைக்குரிய சாதனை அது. முதியோரைத் தேடி வீட்டுக்கு வரும் கண் அவ்வாறு வேரூன்றவில்லை. கல்முனையில் இரு ஆதார வைத்தியசாலைகள் உள்ளன. ஆயினும் வைத்தியசாலையில் முதியவருக்கு அருகில் நின்று கழுவித் துடைப்பது பெரும்பாலும் துணைக்கு வந்த மகளே. இலவச மருத்துவத்தின் ஒரு பகுதியை அவளே இலவசமாக வழங்குகிறாள்.

உடலுக்கு அடுத்தது பொழுது. மருதமுனை நெசவாளர் ஊர். தறியில் ஆயுளைக் கழித்த கைகளுக்கு நூல் சுற்றும் வேலையேனும் இருக்கிறதா, வயற்காரரைப் போகத்தின்போது எவரேனும் யோசனை கேட்கின்றனரா, ஐவேளைத் தொழுகைக்கு ஒழுச் செய்ய எழுப்பி உட்காரவைக்க ஆளுண்டா, நோன்புக் காலத்தில் மருந்து வேளை மாற்றப்படுகிறதா, பேரப்பிள்ளைகள் நடந்து வரும் தூரத்தில் இல்லம் உள்ளதா என்பன டவுன்சென்டின் அளவுகோலைக் கல்முனைக்கு ஏற்பத் திருத்தும் வினாக்கள். இல்லம் ஊருக்கு வெளியே, காணி மலிவான இடத்திற் கட்டப்படுமாயின், எஞ்சிய வினாக்கள் பலவற்றுக்கு விடை அங்கேயே முடிந்துவிடுகிறது.

எனினும் எமது கருத்தில் முதல் வினா வேறு: இம்முதியவர் இங்கு எந்த உரிமையில் இருக்கிறார்? அவரது சம்மதத்தை எவர் கேட்டார்? உணவு பிடிக்கவில்லை என்று சொன்னால் அவருக்கு என்ன நேரும்? வெளியேற விரும்பினால் வழி உண்டா? சீதன வீட்டின் சிறப்பு அங்கு அன்பு மிகுந்திருந்தது என்பதன்று. அன்பு எல்லா ஊரிலும் உண்டு, எல்லா ஊரிலும் குறைவதுமுண்டு. அன்பு குறைந்த நாளிலும் முறையிடத்தக்க ஒரு நிலை மூத்தம்மாவுக்கு அங்கு இருந்தது. தருமத்தின் பேரிற் சோறு பெறுபவர் உப்பில்லை என்று சொல்லமாட்டார். ஆகவே கொடையாளரின் பெயர்ப்பலகை பெரிதாயுள்ள இல்லத்தில், உறைவோர் எவரும் குறை கூறவில்லை என்று மதிப்பீட்டாளர் எழுதிக்கொண்டால், அதனை நற்சான்றாகக் கொள்வதில் நாம் தயங்குவோம்.

இவ்வாய்வு தொடங்கவேண்டிய இடம் இல்லத்தின் வாயிலன்று, கல்முனைக் காணிப் பதிவகம். கடந்த அரை நூற்றாண்டில் இக்கரையின் பெற்றோர் தம் பெண்மக்களுக்கு எழுதிய சீதன உறுதிகளில் எத்தனையிற் சீவிய உருத்து ஒதுக்கப்பட்டது, 1990களிலும் 2004இன் பின்னரும் அவ்வழக்கம் கூடிற்றா குறைந்ததா, வெளிநாட்டுப் பணத்தில் எழுந்த வீடுகளில் அது எழுதப்பட்டதா என்று ஊர்வாரியாக எண்ணிப் பார்த்தல் வேண்டும். நொத்தாரிசுமாரின் எழுத்து வாசிக்கக் கடினமானது. ஆனால் அவ்வாசகம் எப்பொழுதும் உறுதியின் ஏறக்குறைய ஒரே இடத்திலேயே வரும்.